காலஞ்சென்ற தேவதாஸின் மாற்றுக் கருத்து

டெல்லியிலிருந்து வந்த கடிதத்தை ஓதெத் மூன்றாவது தடவையும் படித்தாள். படிக்கப் படிக்க அது நல்ல கடிதமாக மாறிவிடும் என்று ஒரு நப்பாசை. மாறவில்லை.

"இன்னாம்மா, மூஞ்சி பேயறஞ்ச மாதிரி இருக்குது?" என்று கேட்டார் காத்தவராயன். கலைக்கூடத்தின் ஒரே காவலாளி அவர். தோட்டக்காரரும், தபால் கொண்டு போகிறவரும், டீ போடுகிறவரும் அவரே.

"வியாழக்கிழமை டெல்லியிலேர்ந்து ஆபீசர் வர்றாரு."

"வரட்டுமே. தரைய நல்லா தேச்சுக் கழுவி உட்டுடறேன்."

"தரைய பாக்க வரல. நம்ம நிர்வாகக் குழுக் கூட்டம் நடக்கறத பாக்க வர்றாராம். கூடவே உக்காந்து பாப்பாராம்."

காத்தவராயன் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு யோசித்தார். "நம்ம குழு கூடறதே இல்லையே."

"இல்ல."

"அப்ப அவரு எதப் பாப்பாரு?"

"அதத்தான் நானும் ரோசன பண்றேன். இன்னும் இருக்குது, கேளுங்க. 'குறிப்பாக, திரு. தேவதாஸ் அவர்களின் மாற்றுக் கருத்துகளை நாங்கள் விரும்பிப் படித்து வருகிறோம். அவரை நேரில் சந்திக்கப் பெரிதும் ஆவலாக உள்ளேன்.'"

"எந்த தேவதாசு? செத்துப்போனாரே, அவரா?"

"அவரேதான்."

காத்தவராயன் துடைப்பத்தை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். அதைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவருக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்தது.

கதை ஏழு வருஷத்துக்கு முன்னால், 1971இல் ஆரம்பித்தது. கடற்கரைக்கு ஒரு தெரு தள்ளி ஒரு மஞ்சள் பங்களா. அதில் குடியிருந்த பிரெஞ்சுக்காரர் ஊருக்குத் திரும்பும்போது பங்களாவையும், தான் சேர்த்து வைத்திருந்த அறுபது ஓவியங்களையும் நன்கொடையாகக் கொடுத்துவிட்டுப் போனார். கூடவே ஐந்து பக்கத்துக்கு விதிமுறைகளும் எழுதி வைத்தார். நவீன கலைக்கூடத்தை நடத்த ஐந்து பேர் கொண்ட குழு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழு கூடவேண்டும். கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்ற மினிட்ஸ் டெல்லியில் இருக்கும் கலைக்கூட மன்றத்துக்குப் போகவேண்டும். போகாவிட்டால் கலைக்கூடத்தை மூடிவிட்டுக் கட்டிடத்தை வேறு இலாகாவுக்குக் கொடுத்துவிடலாம். அந்த வேறு இலாகா ஏற்கெனவே இரண்டு தடவை டேப்போடு ஆள் அனுப்பி, முன்ஹாலில் எத்தனை அரிசி மூட்டை அடுக்கலாம் என்று அளந்து பார்த்துவிட்டுப் போயிருந்தது.

காரியதரிசி ஓதெத். முதல் கூட்டத்துக்கு அவள் மேசைவிரிப்பை இஸ்திரி போட்டு விரித்து, ஐந்து பென்சில் சீவி வைத்து, ஒரு தட்டு நிறைய பிஸ்கோத்தும் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். யாரும் வரவில்லை. பிஸ்கோத்தை அவளும் காத்தவராயனும் தின்றார்கள். 'கூட்டம் நடைபெறவில்லை' என்று டெல்லிக்கு உண்மையை எழுதினாள். இன்னொரு முறை இப்படி நடந்தால் மூடிவிடுவோம் என்று பதில் வந்தது.

அடுத்த தடவையும் யாரும் வரவில்லை. 'கூட்டம் நடைபெற்றது. எல்லாத் தீர்மானங்களும் நிறைவேறின' என்று டைப் அடித்து, தாளையும் கார்பன் நகல்களையும் காத்தவராயனிடம் கொடுத்து வீடு வீடாக அனுப்பினாள். ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவரும் படிக்கவில்லை. ஆனால் டெல்லி படித்தது. 'விவாதம் எதுவும் நடந்ததாகத் தெரியவில்லையே. விரிவாக எழுதவும்' என்று பதில் போட்டது.

விரிவாகத்தானே வேண்டும் என்று ஓதெத் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தவள் ஏழு வருஷமாக எழுந்திருக்கவில்லை என்றே சொல்லலாம். மினிட்ஸில் குழுத்தலைவர் தொமினிக் மேசையைத் தட்டிக் கர்ஜித்தார். சாமிக்கண்ணு ஓவியத்தில் வெற்றிடம் என்றால் என்ன என்று கேட்டு எல்லோரையும் வாயடைக்க வைத்தார். ஜூல் கொள்கைக்காக ராஜினாமா செய்தார். மற்றவர்கள் கெஞ்சியதால் வாபஸ் வாங்கினார். மறுபடி ராஜினாமா செய்தார். குஞ்சம்மாள் ஒரு சாம்பல்நிற ஓவியத்தின் முன் நின்று கண்கலங்கினார். இவ்வளவு சண்டைக்கும் நடுவில் கலைக்கூடம் ஜோராக நடந்தது. கூரை மாற்றினார்கள். உள்ளூர்ப் பையன்கள் வரைந்த படங்களை வாங்கினார்கள். மில் ஆட்கள் ஷிப்டு முடிந்து வந்து பார்க்க ஏதுவாக வெள்ளிக்கிழமை ஏழு மணி வரை திறந்து வைத்தார்கள். எல்லாம் குழு கூடி, அடித்துக்கொண்டு, ஓட்டுப் போட்டு எடுத்த முடிவுகள். அத்தனை ஓட்டும் ஓதெத்துடையது.

ஐந்தாவது உறுப்பினர் தேவதாஸ் கப்பல் ஏஜெண்டாக இருந்தவர். உயிரோடிருந்தவரை மினிட்ஸில் அவர் 'ஆமோதித்தார்' என்பதோடு சரி. இரண்டு வருஷம் முன்பு காலமான பிறகுதான் பேச ஆரம்பித்தார். ஓதெத் மற்றவர்கள் வாயில் சண்டையைத்தான் வைத்தாள். தனக்கு நிஜமாகவே தோன்றியதை யார் வாயில் வைப்பது என்று தெரியாமல் இருந்தபோதுதான் அவர் காலமானார். அதற்கப்புறம் அவர் கையெழுத்தையும் அவளே போட்டாள். அவர் போட்டதைவிட நன்றாகவே வந்தது.

வியாழனுக்கு ஐந்து நாள் இருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓதெத் கிளம்பினாள்.

முதலில் தலைவர் தொமினிக். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர்; ஊரில் அவரை 'முசே', அதாவது ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள். கடற்கரை மைதானத்தில் இரும்புக் குண்டு உருட்டி விளையாடிக்கொண்டிருந்தவரை ஓரமாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவர் குண்டைக் கைக்குட்டையால் துடைத்தபடியே கேட்டார்.

"நான் மேசைய தட்டணுமா? எதுக்கும்மா?"

"ஏழு வருஷமா தட்டிக்கிட்டுதான் இருக்கீங்க முசே. கையெழுத்தும் போட்டிருக்கீங்க."

"எனக்குச் சத்தம் போட்டுப் பேச வராது, ஓதெத். இந்தோசீனாவுல கூட நான் குசினியில சோறாக்கிக்கிட்டுதான் இருந்தேன்."

"ஒரே ஒரு நாள் முசே. இல்லேன்னா எல்லாரும் மாட்டிக்குவோம். பேப்பர்ல பேரு வந்துரும்."

பேப்பர் என்றதும் தொமினிக் குண்டைக் கீழே வைத்துவிட்டார்.

ஜூல் ஓய்வுபெற்ற பிரெஞ்சு வாத்தியார். குஞ்சம்மாள் பெண்கள் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை. சாமிக்கண்ணு உழவர்கரையில் ரைஸ்மில் வைத்திருப்பவர். எல்லோருக்கும் இதே கதையைச் சொன்னாள். எல்லோரும் இதே மாதிரி பயந்தார்கள். எல்லோரும் வருவதாக ஒத்துக்கொண்டார்கள். ஆபீசர் மினிட்ஸைப் படித்தவர், பழைய விஷயம் ஏதாவது கேட்டால் விழிக்கக்கூடாதே என்று, ஏழு வருஷத்து மினிட்ஸின் கார்பன் நகலையும் ஆளுக்கு ஒரு கட்டாகக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அதைக் கொடுத்திருக்கக் கூடாது.

மறுநாள் காலையில் கலைக்கூடம் திறக்கும் முன்பே சாமிக்கண்ணு வாசலில் நின்றார். அந்த வாசலுக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை.

"இன்னாம்மா இது? எழுவத்தி நாலு ஆகஸ்டு மாசம், தொமினிக் என்னைப் பாத்து, 'இவருக்கு அரிசி மூட்டைக்கும் ஓவியத்துக்கும் வித்தியாசம் தெரியாது'ன்னு சொல்லியிருக்காரு."

"அவரு சொல்லலைங்க. நான் எழுதினது."

"நீ எழுதினா? கீழ அவரு கையெழுத்து இருக்குதே."

"உங்க கையெழுத்தும்தான் இருக்குது."

"நான் பாக்காம போட்டேன். அவரு பட்டாளத்துக்காரரு, பாக்காம போடுவாரா? இத மனசுல வச்சிக்கிட்டே நாலு வருஷமா என்னைப் பாத்து சிரிச்சிக்கிட்டு இருந்திருக்காரு. இது தெரியாம அவரு பொண்ணு கல்யாணத்துக்கு ரெண்டு மூட்டை பொன்னி அனுப்பினேன் நானு."

ஓதெத் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அச்சடித்த மாதிரி டைப் அடித்துக் கீழே கையெழுத்தும் இருக்கும் ஒரு விஷயம் நடக்கவே இல்லை என்று சாமிக்கண்ணுவை நம்பவைக்க அவளால் முடியவில்லை. வேறு வழியில்லாமல் அன்று மத்தியானமே, அதே 1974 ஆகஸ்டு கூட்டத்துக்கு ஒரு பிற்சேர்க்கை டைப் அடித்தாள். 'தலைவர் தம் சொல்லுக்கு வருந்தி, திரு. சாமிக்கண்ணு அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.' அதைத் தொமினிக்கிடம் கையெழுத்துக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

ஏழு வருஷத்தில் முதல்முறையாகத் தொமினிக் ஒரு காகிதத்தைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நான் கேக்க மாட்டேன். அந்தாளு எழுவத்தஞ்சுல என்னைப் பாத்து, சோத்துக்காகப் பட்டாளத்துல சேந்து சொல்தா ஆனவன்னு சொல்லியிருக்காரு. மொதல்ல அவரு கேக்கட்டும்."

"முசே, அதுவும் நான்தான் எழுதினேன்."

"இருக்கலாம். ஆனா அந்தாளு அப்படி நெனைக்கிறவருதான்."

அங்கிருந்து ஜூல் வீட்டுக்குப் போனாள். அவர் நகலில் சிவப்பு மசியால் கோடு போட்டு எண்ணி வைத்திருந்தார்.

"பதினோரு தடவ ராஜினாமா பண்ணியிருக்கேன், மா."

"ஆமா முசே."

"பதினோரு தடவையும் வாபஸ் வாங்கியிருக்கேன். இன்னா மனுசன் நானு? வெக்கமா இல்ல? வியாழக்கிழமை செய்வேன் பாரு, வாபஸே வாங்க மாட்டேன்."

"நீங்க வாபஸ் வாங்கணும் முசே. அப்பதான் கூட்டம் நடக்கும்."

"கொள்கைன்னு ஒண்ணு இருக்குது," என்றார் ஜூல். என்ன கொள்கை என்று ஓதெத் எந்த மினிட்ஸிலும் எழுதியதில்லை. அவரும் கேட்கவில்லை.

குஞ்சம்மாள் மட்டும் கத்தவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"ஏம்மா, நான் அழுதேன்னு எழுதியிருக்க. எங்க வீட்டுக்காரர் செத்தப்பவே நான் அழல. ஸ்கூல்ல கேட்டுப் பாரு."

"மன்னிச்சிருங்க டீச்சர்."

"இருக்கட்டும். அழறதுக்கு முன்னாடி ஒரு பக்கம் பேசியிருக்கேனே, அத மட்டும் நல்லா பெருசா டைப் அடிச்சுக் குடு. மனப்பாடம் பண்ணணும்."

புதன்கிழமை வந்தது. நான்கு உறுப்பினர்களில் இரண்டு பேர் ஜென்மப் பகையாளிகள், ஒருவர் ராஜினாமாக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறார், ஒருவர் கண்ணாடி முன் பேசிப் பழகுகிறார். ஐந்தாமவர் கல்லறையில். ஓதெத் ஹாலின் நடுவில் நின்று காத்தவராயனை மேலும் கீழும் பார்த்தாள். ஐம்பத்தைந்து வயது, நரைத்த மீசை, நிமிர்ந்த முதுகு.

"அண்ணே, எங்க அப்பாவோட வெள்ளைக் கோட்டு ஒண்ணு வீட்டுல இருக்குது."

"வேணாம்மா."

"வாயைத் தொறக்கவே வேணாம்ணே. சும்மா உக்காந்திருந்தா போதும். ஓட்டு எடுக்கும்போது மட்டும் எதிர்ப்புன்னு கையத் தூக்குங்க. தேவதாஸ் எப்பவும் எதிர்ப்புதான்."

"செத்தவரு பேர நான் வச்சிக்கலாமா?"

"ரெண்டு மணி நேரம்தான்ணே. இல்லேன்னா அடுத்த மாசம் இந்த ஹால்ல நீங்க மூட்டைக்குத்தான் காவல் இருக்கணும்."

காத்தவராயன் சுவரில் இருந்த படங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு கோட்டு எங்கே என்று கேட்டார்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு மெட்ராஸிலிருந்து ஒரு அம்பாசிடர் வந்து நின்றது. இறங்கியவர் பெயர் பஞ்சநதம். டெல்லியிலேயே வளர்ந்த தமிழர். ஒல்லியாக, தங்கப் பிரேம் கண்ணாடியோடு, எதையும் ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுத்தான் நம்புகிற முகத்தோடு இருந்தார். அவர் பின்னால் வேம்பு என்ற குமாஸ்தா, தோல்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். அவர் யாரிடமும் பேசவில்லை. நாற்காலி கொடுத்தும் நுனியில்தான் உட்கார்ந்தார்.

ஓதெத் உறுப்பினர்களை அறிமுகம் செய்து, வெள்ளைக் கோட்டுக்காரரைத் திரு. தேவதாஸ் என்றாள். பஞ்சநதம் கைகூப்பி, "எல்லோருக்கும் வணக்கம்," என்றார்.

தொமினிக் மேசையை ஓங்கித் தட்டினார். மூன்று டம்ளர் கவிழ்ந்தது.

ஓதெத் கண்ணை மூடிக்கொண்டாள். அது தட்டவேண்டிய இடமே இல்லை. ஆனால் பஞ்சநதத்தின் முகம் மலர்ந்தது. "எழுபத்து மூன்றாம் வருஷத்திலிருந்து இந்தத் தட்டலைப் படித்துக்கொண்டிருக்கிறேன்," என்று சொல்லி நோட்டைத் திறந்து எதையோ குறித்துக்கொண்டார்.

"பொருள் ஒன்று," என்று ஓதெத் அவசரமாக வாசித்தாள். "கலைக்கூடத்துக்கு ஒரு இயக்குநர் நியமிப்பது பற்றி."

ஏழு வருஷமாக, 'பொருத்தமானவர் கிடைக்கவில்லை' என்று மினிட்ஸில் தள்ளிப் போட்டுக்கொண்டு வந்த விஷயம் அது. இன்றும் தள்ளிப் போட்டுவிட்டு டீ குடித்துக் கலைந்துவிடலாம் என்பது அவள் திட்டம்.

சாமிக்கண்ணு எழுந்தார். "இயக்குநர் அப்புறம் இருக்கட்டும். தலைவரு எழுவத்தி நாலு ஆகஸ்டுல இன்னா சொன்னாருன்னு ஞாபகம் இருக்குதான்னு கேக்கறேன்."

"நல்லா இருக்குது," என்றார் தொமினிக். "இப்பவும் சொல்றேன்."

"பாத்தியாம்மா? அவரு சொல்லலைன்னியே?"

"நீரு எழுவத்தஞ்சுல சொன்னத நான் மறந்துட்டேன்னு நெனைச்சீரா?"

"அதுக்கு எழுவத்தாறுல ஜூல் முசே என் பக்கம் பேசினாரு. பக்கம் நாப்பத்தி மூணு."

"நான் உங்க பக்கம் பேசல," என்றார் ஜூல். "அது கொள்கை."

குசினியில் கூடக் குரலை உயர்த்தியிராத தொமினிக் இப்போது கர்ஜித்தார். கர்ஜனை அவருக்கே பிடித்துப்போனது போலிருந்தது. தேவையில்லாத இடத்திலும் ஒன்று போட்டார். தொண்டை காய்ந்துபோகவே பழக்கதோஷத்தில் திரும்பி, "காத்தவராயா, டீ கொண்டா," என்றார்.

காத்தவராயனும் பழக்கதோஷத்தில் கோட்டோடு எழுந்து போனார்.

பஞ்சநதத்தின் பேனா நின்றது. "அவர் திரு. தேவதாஸ் என்று அல்லவா சொன்னீர்கள்?"

"காத்தவராயன்னு வீட்டுல கூப்புடற பேரு சார்," என்றாள் ஓதெத். வாய் தானாகவே மேலே ஓடியது. "எங்க குழுவுல பெரியவரு சின்னவருன்னு கெடையாது. ஒவ்வொரு கூட்டத்துலயும் முறை வச்சு ஒருத்தரு டீ கொண்டாருவாங்க."

"மிக உயர்ந்த வழக்கம். இரண்டாவது டீ யாருடைய முறை?"

எல்லோரும் சாமிக்கண்ணுவைப் பார்த்தார்கள். முப்பது பேருக்கு வேலை கொடுக்கிற ரைஸ்மில் முதலாளி எழுந்து நின்றார். மினிட்ஸ்படி ஏழு வருஷமாக இருபத்தேழு கூட்டத்துக்கு வந்தவருக்கு அடுப்படி எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. முதலில் ஒரு கதவைத் திறந்தார். அது கக்கூஸ். இரண்டாவது கதவைத் திறந்து உள்ளே போனார். உள்ளே ஏதோ சரிந்து விழுந்தது. பிறகு வாசல் வழியாக நேராகத் தெருவுக்குப் போய்விட்டார். கால்மணி நேரம் கழித்து, முக்குக் கடையிலிருந்து கம்பிக்கூடையில் எட்டு டீயோடு திரும்பி வந்தார்.

"அவருக்கு நம்ம டீயில கொள்கை வேறுபாடு இருக்குது," என்றாள் ஓதெத்.

பஞ்சநதம் அதையும் குறித்துக்கொண்டார்.

இதுதான் சமயம் என்று ஜூல் சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். "தலைவர் அவர்களே, நான் ராஜினாமா செய்கிறேன்."

"ஏத்துக்கறேன்," என்றார் தொமினிக்.

ஜூல் அப்படியே நின்றார். "நான் இன்னும் காரணமே சொல்லலையே."

"வேணாம். ஏத்துக்கிட்டேன்."

"பதினோரு தடவ ஏத்துக்காதவரு இப்ப மட்டும் எப்படி ஏத்துக்கலாம்?"

"அன்னிக்கெல்லாம் எனக்குத் தெரியாது."

"அப்ப நான் வாபஸ் வாங்கறேன்."

"அதுக்கு ஓட்டெடுக்கணும்," என்று சாமிக்கண்ணு டீக்கூடையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். உள்ளே நாலு நாளாக இருந்த கோபமெல்லாம் அவரை ஒரு ஜனநாயகவாதியாக மாற்றியிருந்தது.

ஓட்டெடுத்தார்கள். ஜூல் தனக்குத்தானே ஓட்டுப் போட்டுக்கொண்டார். தொமினிக் எதிர்ப்பு. சாமிக்கண்ணு, தொமினிக் எதிர்ப்பதால் ஆதரவு. காத்தவராயன் சொல்லிக்கொடுத்தபடி எதிர்ப்பு என்று கை தூக்கினார். இரண்டுக்கு இரண்டு. எல்லோரும் குஞ்சம்மாளைப் பார்த்தார்கள்.

குஞ்சம்மாள் எழுந்தார், ஆனால் ஓட்டுப் போடுவதற்காக அல்ல. தன் முறை எப்போது வரும் என்று காலையிலிருந்தே காத்திருந்தவர், எல்லோரும் பார்த்ததும் பேச ஆரம்பித்துவிட்டார். எதிர்ச் சுவரில் இருந்த சாம்பல்நிற ஓவியத்தைப் பார்த்தபடி, ஓதெத் எழுதிய ஒரு பக்கத்தையும் ஒரு சொல் பிசகாமல் சொன்னார். மழை வருவதற்கு முந்திய நிமிஷத்தைப் போல் அந்தப் படம் இருப்பதையும், வீட்டில் யாரும் இல்லாத பெண்ணுக்கு அந்த நிமிஷம் எவ்வளவு நீளம் என்பதையும் சொன்னார். கடைசி வரியில் குரல் உடைந்தது. கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, விரலில் இருந்த ஈரத்தை ஏதோ பூச்சியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"ஏம்மா," என்று ஓதெத்தின் காதில் கேட்டார், "இது நான் சொன்னதா, நீ எழுதினதா?"

"தெரியல டீச்சர்," என்றாள் ஓதெத்.

ஜூல் ராஜினாமாவை மறந்துவிட்டு மூக்கைச் சிந்தினார். பகையாளிகள் இருவரும் ஒரே பக்கம் பார்த்தார்கள்; ஓட்டு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. இந்த இடத்தில் கூட்டத்தை முடித்துவிடலாம் என்று ஓதெத் வாயைத் திறந்தபோது பஞ்சநதம் கையை உயர்த்தினார்.

"திரு. தேவதாஸ் இன்னும் பேசவில்லை. அந்த நீலப் படத்தைப் பற்றி அவர் கருத்தைக் கேட்க வேண்டும்."

கடைசிச் சுவரில் இருந்தது அது. ஆளுயரத்துக்கு, மூலைக்கு மூலை வெறும் நீலம். ஓதெத் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். காத்தவராயன் அதைப் பார்க்கவில்லை. அவர் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு வருஷமாக அதற்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவர் அவர்தான். ஒரு ஆபீசர் அதைப் பற்றி அவரிடம் கேட்பது இதுதான் முதல் தடவை.

"எல்லாரும் வந்து இத கடலுன்னு சொல்லிட்டுப் போறாங்க. நான் குருசுக்குப்பத்துல பொறந்தவன். இது கடலு இல்ல. கடலு இப்படி ஒரே மாதிரி கெடந்துச்சுன்னா அன்னிக்கி மீனு கெடைக்காது. வரைஞ்சவரு வல போட்டுப் பாத்திருக்காரு, அன்னிக்கி அவருக்கு ஒண்ணும் மாட்டல. வெறுங்கையோட கரைக்குத் திரும்பறாரு பாருங்க, அந்த நீலம் இது."

பஞ்சநதம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். மறுபடி கழற்றினார்.

"முடிவு செய்துவிட்டேன்," என்றார். "இவரை டெல்லிக்கு அழைத்துப் போகிறேன். எங்கள் மன்றத்துக்கு இவர்தான் வேண்டும். இன்றைக்கே என் காரில் கிளம்பலாம்."

காத்தவராயன் வாசல் கதவைப் பார்த்தார். "இன்னிக்கேவா? ஆறு மணிக்குள்ள திரும்பிடலாமா சார்? கதவு சாத்தணும்."

"கதவு எதற்கு நீங்கள் சாத்த வேண்டும்?"

"சாவி என்கிட்டதான சார் இருக்குது," என்று கோட்டுப் பைக்குள்ளிருந்து சாவிக்கொத்தை எடுத்துக் காட்டினார்.

ஓதெத் எழுந்தாள். ஏழு வருஷமாக எழுதி எழுதி ஒவ்வொரு ஓட்டையையும் அடைத்தவளுக்கு, இதற்கு மட்டும் வாக்கியம் கிடைக்கவில்லை. ஒரு நல்ல மனிதரைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டு அவள் எதைக் காப்பாற்றுவாள்?

"சார், அவரு எங்க வாட்ச்மேன். பேரு காத்தவராயன். தேவதாஸ் போயி ரெண்டு வருஷமாச்சு."

"அப்படியானால் இரண்டு வருஷமாக அவர் பேசியதெல்லாம்?"

"நான் எழுதினது."

"மற்றவர்கள் பேசியது?"

"அதுவும் நான்தான். எழுவத்தி ஒண்ணுலேர்ந்து இந்தக் குழு ஒரு தடவ கூடக் கூடல சார். இன்னிக்கித்தான் மொத கூட்டம். இவங்க மேல தப்பு இல்ல. கலைக்கூடத்த மூடிராதீங்க. என்னை மட்டும் வேலைய உட்டு அனுப்பிருங்க."

"அது எப்படி?" என்று தொமினிக் மேசையைத் தட்டினார். இந்தத் தடவை சரியான இடத்தில் தட்டினார். "அத குழுதான் முடிவு பண்ணணும்."

"நான் ஆமோதிக்கறேன்," என்றார் சாமிக்கண்ணு. சொல்லிவிட்டு, யாரை ஆமோதித்தோம் என்று நினைவு வந்து திடுக்கிட்டார்.

பஞ்சநதம் எழுந்தார். பேனாவை மூடினார். நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஓதெத்தை ஒரு முறை உற்றுப் பார்த்துவிட்டு, விடுவிடுவென்று நடந்து போய்க் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"போச்சு," என்றார் ஜூல்.

"மூட்டை அடுக்கறதுன்னா என் மில்லுலேர்ந்து ஒரு மூட்ட கூட வராது," என்றார் சாமிக்கண்ணு ஆறுதலாக.

குமாஸ்தா வேம்பு மட்டும் போகவில்லை. தோல்பையைக் கட்டிப் பிடித்தபடி நாற்காலி நுனியிலிருந்து எழுந்து, அக்கம்பக்கம் பார்த்து, மெல்ல ஓதெத்தின் பக்கத்தில் வந்து நின்றார். வந்ததிலிருந்து முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"ஐயா உங்களைக் கையோட காருக்குக் கூட்டிண்டு வரச் சொல்லிக் கண்ணைக் காட்டிட்டுப் போனார்மா."

"போலீஸுக்கா?"

"டெல்லிக்கு," என்றார் வேம்பு. "எங்க மன்றமும் கூடி ஒம்பது வருஷம் ஆறது, மினிட்ஸ் எல்லாம் நான்தான் எழுதறேன், ஆனா உங்க ஆட்கள் மாதிரி என் ஆட்களுக்குச் சண்டை போடவே வரமாட்டேங்கறது."